சாப்பிட்டுப் போனவர்கள் கூப்பிட வேண்டும்

இன்று காலை லைஃப் ஜாக்கெட்டுகளை எல்லாம் துவைத்துக் கொல்லையில் காயப் போட்டேன். சீசன் தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. எட்டு ஜாக்கெட்டுகள், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஏழில் சோப்பு வாசம். எட்டாவதில் ஏரிச் சேற்றின் வாசம். மூன்று முறை அலசிவிட்டேன், போகவில்லை. அது நீ போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்டது என்று சொல்வதே பொய். நான் கத்தினால் மட்டும் ஒரு கையை நுழைத்து, மறுபக்கத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவாய். "இத்த மாட்டிகினா ஏரிக்கு நான் யார்னே தெரியாதுடி" என்பாய்.

கோபம் வந்தது. துணி துவைக்கும்போது செத்துப்போனவள் மேல் கோபப்படுவது என்ன நியாயமோ, வந்தது. உன்னிடம் பேச வேண்டியதும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பொன்னேரியிலிருந்து வரும் பஸ்ஸில் நாம் மறுபடி பார்த்துக்கொண்ட நாளிலிருந்து தொடங்குகிறேன். பழவேற்காட்டுப் பள்ளியில் ஐந்தாவது வரை ஒன்றாக உட்கார்ந்தோம். அப்புறம் நீ உன் அம்மாவோடு ஏரியில் இறங்கிவிட்டாய், கைபோட்டு இறால் பிடிக்க. நான் பொன்னேரி, சென்னை என்று போய், சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒரு ஆபீசில் பதினைந்து வருஷம் தேய்ந்து, அதை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் காலி அலுமினியக் கூடையோடு நீ. "இன்னா பாயம்மா, ஆளே மாறிட்ட" என்றாய். உனக்கு என் பேர் நன்றாகத் தெரியும். ஆனாலும் கடைசிவரை நான் பாயம்மாதான்.

ஊரில் நானே தொடங்கவிருந்த தொழிலுக்காகப் போனில் எழுதி வைத்திருந்த விளம்பரத்தை உனக்குப் படித்துக் காட்டினேன். ஆறு பேருக்கு மேல் இல்லை, மோட்டார் படகு இல்லை, பிளாஸ்டிக் இல்லை, ஏரி மக்களோடு சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் சாகசப் பயணம்.

"சாகசம்னா இன்னாடி?"

"கொஞ்சம் ஆபத்தா இருக்கும். ஆனா ஜாலியா இருக்கும்."

"கழுத்து வரைக்கும் தண்ணில குந்திகினு, சேத்துல கைய வுட்டு, கெளுத்தி முள்ளு குத்துமா நண்டு கடிக்குமான்னு தெரியாம தடவறதா?"

"அதேதான்."

"அட கஷ்டமே! இத்தினி வருசமா இத்த சும்மாவே பண்ணிகினு கீறேனே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் சிரித்துவிட்டார். இறங்கும்போது, "எனுக்கும் அவங்கள பாக்கணும்டி. கூட்டினு வா" என்றாய். நம் தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் குழு வந்துபோன மறுநாளே நீ சட்டம் போட்டாய். ஆறு பேர் மிதித்த இடத்தில் இறால் நிற்காது, அதனால் அடுத்த முறை வேறு இடம். வலை கட்டியிருக்கும் பக்கம் படகைத் திருப்பக் கூடாது. கைக்குச் சின்ன இறால் வந்தால் போட்டோ எடுக்காமல் விட்டுவிட வேண்டும். பூநாரைகள் தலையைத் தூக்கிவிட்டால் அதற்குமேல் ஒரு கோல்கூட ஊன்றக் கூடாது. "தல தூக்கிச்சுனா பயந்துகிச்சுனு அர்த்தம். அது பறக்கறத படம் புடிக்கணும்னா அதும் சோத்துல மண்ண போட்டுதான் புடிக்கணும்." சுற்றுச்சூழல் பற்றி ஆபீசில் நான் போன பயிற்சி வகுப்புகளில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

பறி என்று நீங்கள் சொல்லும் அந்தச் சின்ன ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு நீ தண்ணீரில் நகர்வதை அவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அப்புறம் அவர்களும் இறங்குவார்கள். விரலில் ஒரு இறால் பட்டால் போதும், பெரிய மீசை வைத்த ஆள்கூடக் குழந்தை மாதிரிக் கூவுவான். மதியம் உன் வீட்டில் பாய் விரித்துச் சோறு, நண்டு ரசம், இறால் தொக்கு. என் விளம்பரத்துக்கு வந்த பாராட்டுகளில் முக்கால்வாசி உன் தொக்குக்கு வந்தவை. நானும் அந்தப் பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, அவர்களைவிட ஒரு கை அதிகமாகவே சாப்பிட்டேன்.

அவர்கள் உன்னைப் பார்க்க வந்தார்கள். நீ அவர்களைப் பார்த்தாய். அதுதான் எனக்கு முதலில் தர்மசங்கடமாக இருந்தது. பரிமாறிக்கொண்டே கேட்பாய். "ஒங்க வூட்ல துணி எங்க காயப் போடுவீங்கோ?" "லிப்டு நடுவுல நின்னுட்டா யார கூப்புடுவீங்கோ?" "நாள் பூரா கம்ப்யூட்டர்ல இன்னாதான் பண்ணுவ, எனுக்குப் புரியற மாதிரி சொல்லு." ஒரு பையன் அரைமணி நேரம் தன் வேலையை விளக்கிப் பார்த்துக் கடைசியில், "அடுத்தவங்க செஞ்சதுல தப்பு கண்டுபிடிக்கிற வேலைங்க" என்றான். "அதுக்கு எங்க தெருவுல பத்து பேரு கீறாங்கோ, இட்டுனு போ" என்றாய் நீ. நான் கண்ணால் ஜாடை காட்டுவேன், போதும் விடு என்று. நீ பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாய்.

இரண்டாவது சீசன் நடுவில் ஒரு நாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அடுத்த வாரத்துல இருந்து சோறு கெடையாது" என்றாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா மே, இப்டி திடீர்னு சொல்ற? ரெண்டு குரூப்பு புக் ஆயிக்குது."

"எத்தினி பேரு வந்து சாப்ட்டாங்கோ? ஒருத்தராச்சும் எங்க வூட்டுக்கு வாங்கனு கூப்ட்டாங்களா? அப்ப இது வூடு இல்ல, கடை. நான் கடை வெச்சிக்கில."

உங்கள் உறவுகளுக்குள் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். ஒரு வீட்டில் சாப்பிட்டவர் திரும்பத் தன் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போய்ச் சாப்பிட வேண்டும். அதுவரை முதல் விருந்தே முடியவில்லை என்று கணக்கு. கூப்பிடாதவரைத் திட்ட மாட்டீர்கள், ஞாபகப்படுத்தவும் மாட்டீர்கள். கேட்டு வாங்கினால் அது விருந்தில்லை.

"அவங்க காசு குடுக்கறாங்கடி!" என்று கத்தினேன்.

"காசு படகுக்கு. சோத்துக்கு நான் வாங்கினனா?"

வாங்கவில்லை. மூன்று நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் வேறு வீடு தேடிப் பார்த்தேன், எந்த வீட்டுச் சோறும் எனக்கே இறங்கவில்லை. நான்காம் நாள் உன் வாசலில் வந்து நின்று, "கேக்க மாட்டேன்ற, அவங்களுக்கும் தோணாதுன்ற, நான் இன்னாதான் பண்றது?" என்றேன்.

"நான்தான் கேக்கக் கூடாது. நீ எழுதிப் போடு" என்றாய், ரொம்ப சாதாரணமாக.

எழுதிப் போட்டேன். பதிவுப் படிவத்தில் கடைசி வரி: ஏரியோர வீட்டில் சாப்பிடுபவர்கள், வீட்டுக்காரரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தங்கள் வீட்டுக்கு அழைக்க வேண்டும். பாதிப் பேர் வேடிக்கை என்று நினைத்தார்கள். ஒருவர், இது என்ன புது மாதிரி ஏமாற்று வேலை என்று எழுதினார். சம்மதம் என்று டிக் அடித்தவர்கள் ஊருக்குப் போனதும் மறந்துவிட்டார்கள். என் தொழில் படுத்துவிடும் என்று எனக்குப் பயம். நீ வாரம் ஒரு முறை, பூ வாங்கினாயா என்று கேட்கிற மாதிரி, "யாராச்சும் கூப்ட்டாங்களா?" என்பாய்.

வேளச்சேரி ரம்யாதான் முதலில் கூப்பிட்டாள். கணவனும் மனைவியுமாக வந்து, சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டுப் போனவர்கள். ஈரச் சாக்கில் உயிர் நண்டு கட்டிக்கொண்டு நீயும் நானும் பொன்னேரியில் ரயில் ஏறினோம். அடுக்குமாடி வாசலில் காவலாளி சாக்கைப் பார்த்துவிட்டு, "டெலிவரியா? பின்னாடி லிஃப்ட்ல போங்க" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நீ நிதானமாக, "விருந்துக்கு வந்துகிறோம்பா. விருந்தாளிங்க எந்த லிப்டுல போவாங்கோ?" என்று கேட்டாய். அவர் முன் லிஃப்டைக் காட்டினார்.

பதினோராவது மாடி. நீ நேராகப் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாய். கீழே சதுப்பு நிலம், தண்ணீர், கோரைப்புல். தூரத்தில் வெள்ளையும் ரோஸுமாகப் பூநாரைகள். "அடிப்பாவி! நம்ம பறவ இங்க இன்னா பண்ணுது?" என்று நீ போட்ட சத்தத்தில் ரம்யாவும் ஓடிவந்தாள். அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்து நாலு வருஷமாம். அந்தப் பறவைகளைக் கொக்கு என்றே நினைத்திருக்கிறாள். நாங்கள் பூநாரை பார்க்கப் பழவேற்காடு வந்தோமே என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வந்ததால தாம்மா இன்னிக்கு நான் வந்தேன்" என்றாய்.

பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டாய். ரம்யாவுக்குப் பேர் தெரியவில்லை. நான் தடுப்பதற்குள் போய் மணியை அழுத்திவிட்டாய். கதவு திறக்கவில்லை. உள்ளே யாரோ வந்து நின்றதும், பார்த்துவிட்டுப் போனதும் கேட்டது. உனக்கு அவமானமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். நீயோ அந்தக் கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். "உள்ள இருந்து பாத்தா நாம எப்டி தெரிவோம்?" உடனே அது தெரிந்தாக வேண்டும் உனக்கு. என்னை வெளியே நிறுத்தி, ரம்யா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து பார்த்தாய். "ஐய, மூக்கு மட்டும் பெருசா, காலே இல்லாம கீற! இப்டி தெரிஞ்சா யாருதான் கதவ தொறப்பாங்கோ?" அடுத்து நீ வெளியே நின்றாய், ரம்யா பார்த்தாள், அவள் கணவன் பார்த்தான். நாலு பேரும் அந்தத் துளையோடு விளையாடியதில் சோறு ஆறிப்போனது.

திரும்பும் ரயிலில் எண்ணூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாய். "அந்தப் பொண்ணு சோறு போடசொல்ல கை நடுங்கிச்சு, பாத்தியா? நம்மளுக்குப் புடிக்குமோ இன்னாவோனு. அவங்க நம்ம வூட்டுக்கு வரசொல்ல எனுக்கும் அப்டிதான் இருக்கும்."

எனக்கு அது தெரியாது. அத்தனை குழுவைக் கூட்டிவந்தேன், உன் கையை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. அவர்கள் உன் ஏரிக்குப் பயணம் வந்த மாதிரிதான் நீயும் பதினோராவது மாடிக்குப் பயணம் போயிருந்தாய். இறங்கிய இடத்தில் எதையும் கலைக்காமல், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொடுத்ததைச் சாப்பிட்டு. நான் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தந்ததை நீ இயல்பாகச் செய்தாய்.

அடுத்து கோத்தகிரியிலிருந்து லட்சுமி அக்கா கூப்பிட்டார். கொஞ்சம் தேயிலையும் கொஞ்சம் பீன்ஸும் போடும் குடும்பம். ஏரித் தண்ணீரில் கால் வைக்கவே பயந்து, அப்புறம் வெளியே வர மறுத்தாரே, அவர்தான். நீ மலையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. "அங்க மண்ணு எப்டி இருக்கும்? கால் உள்ள போவுமா? சரிவுல வூடு கட்னா தண்ணி எந்தாண்ட ஓடும்?" என்று என்னைத் துளைத்தெடுத்தாய். அவர் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் நான்தான் தள்ளிப் போட்டேன். டிசம்பரில் மூன்று குழு, ஜனவரியில் நாலு குழு. "மாசி வரிக்கும் பொறுடி" என்றேன். "சரி, பொறுக்கறேன்" என்றாய். மலை எங்கேயும் போகாது என்று நான்தான் சொன்னேன், பெரிய அறிவாளி மாதிரி.

தை முடிவதற்குள் ஒரு காய்ச்சல். நாலே நாள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. உனக்கும் அது தெரியும்.

உன் மேல் கோபம் என்று முதலில் எழுதினேன் இல்லையா? பொய். என் மேல்தான்.

நீ போன பிறகு லட்சுமி அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அழுதார். விருந்து அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். உன் மகள் அமுலு விடவில்லை. "அவங்க இங்க வந்து சாப்ட்டாங்கோ. கூப்ட்டும்ட்டாங்கோ. அம்மா இல்லனா இன்னா சித்தி, அம்மா வூடு கீதுல்ல? நான் போவணும்." குரல் அப்படியே உன் குரல். போன வாரம் இரண்டு பேரும் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் ஏறினோம்.

மலைப் பாதையில் பஸ் வளைய வளைய எனக்கு வாந்தி. அமுலு ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. லட்சுமி அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேயிலைச் சரிவில் ஏறி நின்றாள். காலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "கெட்டியா கீது சித்தி. உள்ள போவல. ஆனா ஜில்லுனு கீது" என்று உனக்காகத் தெரிந்துகொண்டாள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அக்காவின் வீட்டுக்காரர் மழைநீர் வாய்க்கால் வரை கூட்டிப்போய்க் காட்டினார். நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. கேட்டவள்தான் இல்லை.

ராகிக் களி, அவரைக் குழம்பு. சாப்பிட்டு முடிக்கும்போது லட்சுமி அக்கா ஒரு சாதாரணக் கேள்விதான் கேட்டார். குத்திக் காட்டவெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"நீங்க அவங்க வீட்டுல எத்தனையோ தடவை சாப்பிட்டிருப்பீங்களே. உங்க வீட்டுல அவங்களுக்கு என்ன சமைச்சுப் போட்டீங்க?"



ஒரு முறைகூட இல்லை. நீ எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாய், கொல்லைப்புறக் கதவு வரை, இறால் கொடுக்க. உம்மா உனக்கு அங்கேயே டீ கொடுப்பார்கள், நின்றபடியே குடிப்பாய். பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவோம். கொடுத்தனுப்புவது வேறு, கூப்பிடுவது வேறு என்று நீதான் எனக்கு விளக்கினாய். அதைக் கேட்டு, ஊராருக்கெல்லாம் படிவத்தில் எழுதிப் போட்டவள் நான். உன்னை யாரும் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். உன் பாயில் அதிகம் சாப்பிட்டவள் நான். மற்றவர்களிடம் உனக்காகக் கேட்க நான் இருந்தேன். என்னிடம் கேட்க உனக்கு ஆள் இல்லை.

மலையிறங்கும் பஸ்ஸில் அமுலுவிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், என்னால் முடியவில்லை. "அம்மா என்னிக்காச்சும் இத பத்தி சொல்லிச்சா?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "நான்தான் ஒரு தபா கேட்டேன் சித்தி, ஊரெல்லாம் கூப்புடணும்ன்றியே, பாயம்மா சித்தி கூப்ட்டுச்சானு. 'அவ கூப்புடுவா. நீ போயி கேட்டு கீட்டு வெக்காத'னு சொல்லிச்சு."



ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக உன் வீட்டுக்குப் போய் அமுலுவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் வீட்டுக்கு, முன்வாசல் வழியாக, சாப்பிட. "வரேன் சித்தி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள், ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. உம்மாவிடம் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஓதிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலையைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கா இத்தினி வருசம்?" என்றார்கள். அப்புறம், "சரி, அமுலுவுக்கு இன்னா புடிக்கும்? அவங்க அம்மாவுக்கு இன்னா புடிக்கும்? அதையும் ஒண்ணு செஞ்சுடலாம்" என்றார்கள்.

எனக்குத் தெரியவில்லை.

நீ பரிமாறித்தான் பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் போட்டு முடித்து, நாங்கள் கிளம்பிய பிறகுதான் நீ சாப்பிடுவாய். எந்தக் கல்லுக்கடியில் நண்டு இருக்கும், எந்தக் காற்றுக்கு இறால் கரைக்கு வரும், எல்லாம் உன்னிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இன்று வியாழக்கிழமை. இதை முடித்துவிட்டு அமுலுவிடம் போகிறேன், அதைக் கேட்க.